மாற்றிய இடுப்பை மறுபடி மாற்றினால்…

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு டாக்டர் எழுந்திருக்கும் நேரத்தில், நோயாளியின் மகனோ மனைவியோ தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள்: ''இது எத்தனை வருஷம் வரும், டாக்டர்?'' பதினைந்து, இருபது என்று ஏதோ ஒரு எண் பதிலாக வரும். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த வருஷங்கள் முடிந்த பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததிலும் நியாயம் இருக்கிறது. கக்கூஸுக்குப் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கும் ஒருவருக்கு, இருபது வருஷம் என்பது இன்னொரு ஜென்மம்.

வைத்த மூட்டு தளர்ந்தோ, தேய்ந்தோ, நழுவியோ, சீழ் பிடித்தோ திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பழையதைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைப்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரிவிஷன்'. 'முதல் தடவை அவ்வளவு நன்றாக வந்ததே, இன்னொரு தடவை செய்தால் இன்னொரு இருபது வருஷம்' என்று குடும்பத்தில் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு. ரிவிஷன் என்பது முதல் ஆபரேஷனின் மறு ஒளிபரப்பு அல்ல. அது வேறு ஆபரேஷன். அதன் பலன்களும் வேறு.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடலாம். இடுப்பு மாற்று ஆபரேஷனை 'நூற்றாண்டின் ஆபரேஷன்' என்று 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்று வர்ணித்தது. அது மிகையில்லை. 2019இல் அதே இதழில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் தேசியப் பதிவேடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வைத்த மூட்டுகளில் சுமார் 89 சதவீதம் 15 ஆண்டு தாண்டியும், 58 சதவீதம் 25 ஆண்டு தாண்டியும் மாற்றப்படாமல் இருந்தன. மனிதன் செய்த ஒரு பொருள், உப்பும் நீருமான உடம்புக்குள், ஆண்டுக்குப் பல லட்சம் அடிகளைத் தாங்கிக்கொண்டு இவ்வளவு காலம் உழைப்பது சாதாரணமில்லை.

ஆனால் இதில் வயது என்றொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றிக்கொள்பவருக்கு வாழ்நாளில் ரிவிஷன் தேவைப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான் என்கிறது 2017இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கு அது 35. மூன்று பேரில் ஒருவருக்கு மேல்! மேலைநாடுகளில் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் முதியவர்களுக்கானது. வயதாகி, குருத்தெலும்பு தேய்ந்து வருவார்கள். நம் ஊர் எலும்பு சிகிச்சைப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். ரத்த ஓட்டம் நின்று தொடையெலும்பின் தலை செத்துப்போகும் 'ஏ.வி.என்.' வந்தவர்கள், அது குடியால் வந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ தோல் வியாதிக்கோ சாப்பிட்ட ஸ்டீராய்டால் வந்தவர்கள், முதுகெலும்பு வாதத்தில் இடுப்பு இறுகிப்போன இளைஞர்கள், பைக் விபத்தில் இடுப்பெலும்பின் கிண்ணம் உடைந்தவர்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதுதான். இவர்களில் பலருக்கு ரிவிஷன் என்பது 'வந்தாலும் வரலாம்' இல்லை. ஆயுசு கெட்டியாக இருந்தால் வந்தே தீரும்.

வந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்காக 2003இல் தொடங்கிய தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. முதல் ரிவிஷன் செய்துகொண்டவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்கு 15 ஆண்டுக்குள் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ரிவிஷனில் ஏறக்குறைய அதே அளவு பேர், சுமார் 22 சதவீதம், 7 ஆண்டுக்குள்ளேயே திரும்பி வந்தார்கள். மூன்றாவது ரிவிஷனுக்குப் பிறகு அதே 22 சதவீதம் வெறும் 3 ஆண்டில்.

15, 7, 3. ஒவ்வொரு முறையும் தவணை பாதிக்குப் பாதியாகச் சுருங்குகிறது. எனக்குத் தெரிந்து இந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்லப்பட்ட மிக முக்கியமான எண்கள் இவைதான். இந்த ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: முதல் மூட்டு நெடுநாள் உழைத்துவிட்டுப் போயிருந்தால் ரிவிஷனும் நெடுநாள் உழைக்கிறது. ஓரிரு ஆண்டில் பழுதானவர்களுக்குத்தான் அடுத்ததும் சீக்கிரம் பழுதாகிறது.

மேஜையில் நடப்பது

ஏன் இப்படி என்பது ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்த்தால்தான் புரியும்.

முதல் ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரிவிஷனுக்கு நாலைந்து மணி நேரமும் ஆகும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெரும்பாலும் பழைய தழும்பின் வழியாகவே உள்ளே போகிறார்கள். உள்ளே தசைகள் வரிசையாக இருக்காது. எல்லாம் வெளுத்த வடுத் திசுவாக ஒட்டிக் கிடக்கும். காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு அந்த வடுவுக்குள் எங்கே சிக்கியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் லேசான இழுப்பு பட்டால்கூடப் பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று விழும்.

மூட்டைத் திறந்ததும் ஐந்தாறு இடங்களிலிருந்து திசுத் துணுக்குகளை எடுத்து, தனித்தனிக் கருவியால், தனித்தனிக் குப்பியில் போட்டுக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும் மூட்டிலும் கிருமி மறைந்திருக்கும். ஒரே ஒரு குப்பியில் வளர்ந்தால் வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம், மூன்றில் ஒரே கிருமி வளர்ந்தால் தப்பிக்க வழியில்லை.

பிறகுதான் பழையதைக் கழற்றும் வேலை. தொடையெலும்புக்குள் சிமென்ட் வைத்துப் பொருத்திய தண்டு என்றால், தண்டு சுலபமாக வந்துவிடும். தொடையெலும்பின் குழாய்க்குள் ஒட்டிய சிமென்ட் வராது. நீள உளியால் சிறு சிறு சில்லாகப் பெயர்க்க வேண்டும். உளி ஒரு இம்மி தப்பினால் எலும்புச் சுவரில் ஓட்டை. சிமென்ட் இல்லாமல், எலும்பே உலோகத்துக்குள் வளர்ந்து பிடித்துக்கொண்ட தண்டு என்றால் அது வேறு தலைவலி. தொடையெலும்பின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்து, தசையோடு சேர்த்துத் திறந்து, தண்டை விடுவித்து எடுத்து, கடைசியில் அந்த எலும்புப் பலகையை மறுபடி பொருத்திக் கம்பி சுற்றிக் கட்டுகிறார்கள். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அனுபவசாலிகள், எலும்பை உடைத்துத் தண்டைப் பிடுங்குவதைவிடத் திட்டமிட்டு அறுப்பதே மேல் என்பார்கள்.

எல்லாம் எடுத்த பிறகு, மிச்சம் எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ரிவிஷனின் தலையெழுத்து இங்கேதான் இருக்கிறது. சுவரில் ஒரே ஓட்டையில் மூன்றாம் தடவை திருகாணி முடுக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சிகாகோவின் வெய்ன் பாப்ராஸ்கி, கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை வகைப்படுத்தினார்; உலகம் முழுக்க ரிவிஷன் டாக்டர்கள் இன்றும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். கிண்ணத்தின் விளிம்பு சுற்றிலும் நின்றால், சற்றுப் பெரிய கப் வைத்து முடிக்கலாம். விளிம்பே இல்லை, இடுப்பெலும்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றால், எலும்பு போலவே துளைகள் கொண்ட டான்டலம் உலோகத்தாலான துண்டுகளை வைத்து இட்டு நிரப்ப வேண்டும், சிலருக்கு சி.டி. ஸ்கேன் பார்த்துத் தனியாகச் செய்வித்த கிண்ணமே வேண்டியிருக்கும். இன்னொரு வழி, எலும்பு வங்கி. வேறொருவரின் முதல் ஆபரேஷனில் வெட்டி எடுத்த தொடையெலும்புத் தலையைப் பரிசோதித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்திருப்பார்கள். அதைத் துருவலாக அரைத்து, பள்ளத்தில் போட்டு இடித்து இறுக்கி, அதன்மேல் கிண்ணத்தைப் பதிப்பது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்திலும் இங்கிலாந்தின் எக்ஸிடரிலும் பக்குவப்பட்ட முறை இது. ஓரிரு ஆண்டில் அந்தத் துருவல் நோயாளியின் சொந்த எலும்பாகவே மாறிவிடும் என்பது இதன் அழகு.

வலி போகும், நடை?

'ரிவிஷன் பலன் தருமா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ''எதற்காகச் செய்கிறார்கள்?'' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தளர்ந்துபோன மூட்டுக்குச் செய்தால் பலன் நன்றாகவே இருக்கிறது. எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடையில் குத்தும் வலி, தளர்ந்த தண்டின் கையெழுத்து. அந்த வலி பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது. ஆனால் வலி போவதும் நடை திரும்புவதும் ஒன்றில்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசைதான் ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பைச் சாயாமல் தாங்குவது. இரண்டு முறை அறுபட்ட தசைக்கு அந்தப் பலம் முழுதாக வராது. அதனால் வலியே இல்லாமல், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்க் கையில் கைத்தடி; கால் நீள வித்தியாசத்துக்குச் செருப்பில் ஒரு அட்டை; டவுன் பஸ்ஸின் உயரமான படியில் நல்ல காலை முதலில் வைத்து ஏறுவது. வீட்டுக்குள் சுதந்திரம், வெளியே சற்று ஜாக்கிரதை. எதிர்பார்ப்பை இங்கே வைத்துக்கொண்டு மேஜைக்குப் போகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சந்தோஷமாக இருக்கிறார்கள். முதல் ஆபரேஷன் முடிந்து ஆறே வாரத்தில் கோயில் சுற்றியதை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அப்படி அவர்களைப் போகவிட்டது டாக்டரின் குறை.

நழுவலுக்காகச் செய்யும் ரிவிஷன் கொஞ்சம் சூதாட்டம். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு, தண்டின் தலையிலுள்ள பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது நூற்றுக்கு ஓரிருவருக்கு நடக்கிறது. ரிவிஷனுக்குப் பிறகு அது பல மடங்கு கூடி, சில மருத்துவமனைக் கணக்குகளில் பத்தைத் தொடுகிறது. பிரான்ஸின் செயின்ட்-எட்டியன் நகரத்தில் 1970களில் ழில் புஸ்கே வடிவமைத்த 'இரட்டை அசைவு' மூட்டு, பந்துக்குள் பந்து சுழலும் அமைப்பு, இந்த ஆபத்தைக் குறைத்திருக்கிறது. வெளியே தெரியாமல் முப்பது ஆண்டு பிரான்ஸுக்குள்ளேயே கிடந்த இந்த யோசனையை உலகம் தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டது.

'சின்ன வேலைதான், கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரை மட்டும் மாற்றினால் போதும்' என்று சொல்லக் கேட்டால் நிம்மதியாக இருக்கும். எலும்பைத் தொட வேண்டியதில்லை, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு. ஆனால் லைனர் மட்டும் மாற்றியவர்களுக்கு மூட்டு நழுவுவது சற்று அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. கிண்ணம் முதலிலேயே கோணலாக உட்கார்ந்திருந்தால் லைனரை மாற்றி என்ன பயன்? சின்ன ஆபரேஷன் என்பதாலேயே சின்ன ஆபத்து என்று ஆகிவிடாது.

எல்லாவற்றிலும் மோசமான பலன், காரணம் கண்டுபிடிக்காமல் செய்யும் ரிவிஷனுக்கு. எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் வலிக்கிறது, 'திறந்துதான் பார்ப்போமே' என்று திறப்பது. முதுகெலும்பிலிருந்து வரும் வலியாக இருக்கலாம், தசைநார் உரசலாக இருக்கலாம். இப்படித் திறக்கச் சொல்லும் டாக்டரிடமிருந்து இரண்டாவது அபிப்பிராயத்துக்கு ஓடுவதே புத்திசாலித்தனம்.

கிருமித் தொற்று தனிக் கதை. உலோகத்தின் மேல் கிருமிகள் ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியேறிவிடும். மாத்திரையோ ஊசியோ அந்தப் படலத்தை அடியோடு அழிப்பதில்லை. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்குள் பிடித்துவிட்டால், திறந்து கழுவி, பந்தையும் லைனரையும் மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அந்தச் சில வாரங்களைத்தான் நம் ஊரில் வீணாக்குகிறோம். தையல் பிரித்த இடத்தில் நீர் கசிகிறது, தெருமுனை மெடிக்கலில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், கசிவு நிற்கிறது, இரண்டு மாதம் கழித்து மறுபடி கசிகிறது. அதற்குள் படலம் கெட்டிப்பட்டுவிடும். பாதி மருந்து சாப்பிட்டதால் பரிசோதனையில் கிருமியும் பிடிபடாது. மருந்து எழுதிக் கொடுத்தவர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். ஆனால் இந்த ஒரு பழக்கத்தால் போன மூட்டுகள் கொஞ்சமல்ல.

முற்றிய தொற்றுக்கு வழக்கமான சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்டால் செய்த தற்காலிக மூட்டை வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, தொற்று அடங்கிய பிறகு புது மூட்டு. இடைப்பட்ட மாதங்கள் நோயாளிக்கும் வீட்டாருக்கும் நரகம்: வாக்கர், கட்டிலருகே கமோடு, வேலைக்குப் போகாததால் வராத சம்பளம். இதை ஒரே கட்டத்தில் முடிக்கலாம் என்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் புக்ஹோல்ஸும் அவரது குழுவும் 1970களிலேயே செய்துகாட்டினார்கள். சிமென்டில் ஆன்டிபயாடிக்கைக் கலக்கும் யோசனையும் அவருடையதே. மற்றவர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. 2022இல் பிரிட்டன், ஸ்வீடன் மருத்துவமனைகளில் 140 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு வந்தது. பதினெட்டாவது மாதத்தில் இரு தரப்பினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்று; மூன்றாவது மாதத்தில் ஒரே கட்டத்தில் முடித்தவர்கள் தெளிவாக மேலான நிலையில் இருந்தார்கள், செலவும் குறைவு. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் 'எனக்கு ஒரே கட்டத்தில் முடியுமா?' என்று கேட்கும் உரிமை இப்போது நோயாளிக்கு வந்துவிட்டது.

டெஃப்லானும் கோபால்டும்

ரிவிஷனின் வரலாறு, மூட்டு மாற்று ஆபரேஷனின் தந்தையிடமிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் என்ற பழைய காசநோய் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் வைத்த கிண்ணங்கள் டெஃப்லானால் ஆனவை. வழவழப்பு, உராய்வே இல்லை, நோயாளிகள் மகிழ்ச்சியாக நடந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகளைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியது. சுமார் 300 பேருக்கு வைத்தாகிவிட்டது. சார்ன்லி டெஃப்லான் துகளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்து, வீக்கம் வருவதை எழுதி வெளியிட்டார். தேய்ந்த மூட்டுகளைத் தானே ஒவ்வொன்றாக மாற்றினார். அவரது பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன், சார்ன்லி ஊரில் இல்லாதபோது ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த வேறொரு பிளாஸ்டிக்கை, அடர் பாலிஎதிலினை, இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். அது தேயவில்லை. 1962 நவம்பரிலிருந்து அதுவே கிண்ணமானது. இன்றைய இடுப்பு மூட்டின் மூதாதை அதுதான்.

சார்ன்லியிடம் எனக்குப் பிடித்தது இன்னொரு வழக்கம். இறந்த பிறகு மூட்டை ஆராய்ச்சிக்காகத் திருப்பி எடுத்துக்கொள்ள நோயாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வைத்துக்கொள்வார். வைத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக அவர் நினைக்கவில்லை. அந்தப் புத்தியை ஒரு நாடே எடுத்துக்கொண்டால் அதுதான் பதிவேடு. ஸ்வீடன் 1979இல் தொடங்கியது: யாருக்கு, எந்த மருத்துவமனையில், எந்தக் கம்பெனியின் எந்த மாடல், எப்போது வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள்.

பாலிஎதிலினும் தேய்ந்தது, மெதுவாக. அதன் நுண்துகள்களை விழுங்கும் ரத்த அணுக்கள் விடும் சமிக்ஞையால், சுற்றியுள்ள எலும்பு கரைந்தது. 1990களின் இறுதியில் கதிர்வீச்சால் உறுதியேற்றிய பிளாஸ்டிக் வந்ததும் இந்தத் தேய்மானம் பெருமளவு குறைந்தது. இதற்கிடையே 'பிளாஸ்டிக்கே வேண்டாம், உலோகத்தின் மேல் உலோகம் சுழலட்டும்' என்று கிளம்பிய அலையில் வந்ததுதான் ஜான்சன் அண்டு ஜான்சனின் கிளை நிறுவனமான டெபுய் விற்ற 'ஏ.எஸ்.ஆர்.' மூட்டு.

உலோக ஜோடி எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டு, அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார். ஏ.எஸ்.ஆரின் கோளாறு வடிவத்தில் இருந்தது. ஆழமில்லாத கிண்ணம்; அதனால் பந்து விளிம்பில் அழுந்தித் தேய்ந்தது. கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள சதையில் இறங்கின. திறந்து பார்த்தபோது சாம்பல் கறுப்பில் கறை, செத்துப்போன தசை, புற்று இல்லாத கட்டிகள். இங்கிலாந்தின் நார்த் டீஸ் மருத்துவமனையில் ஆன்டனி நார்கோல் எச்சரித்தார். ஆஸ்திரேலியப் பதிவேடும் அதன் இயக்குநர் ஸ்டீபன் கிரேவ்ஸும் 2007இலிருந்தே இந்த மாடல் மற்றவற்றைவிட அதிகமாகக் கழற்றப்படுவதைக் காட்டினார்கள். 2009 டிசம்பரில் அது ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2010 ஆகஸ்ட் 24 அன்று உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 மூட்டுகள் போய்விட்டிருந்தன. ஐந்தே ஆண்டில் எட்டில் ஒன்று ரிவிஷனுக்கு வந்ததாகப் பிரிட்டிஷ் பதிவேடு சொன்னது.

இந்த ரிவிஷன்களின் பலன் எப்படி இருந்தது? எப்போது எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. உலோகக் கட்டி வளர்ந்த பிறகு எடுத்தவர்களில் பாதிப் பேருக்குப் பெரிய சிக்கல் வந்ததாக, அதே போன்ற உலோக மூட்டுகளைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் 2009இல் எழுதியிருந்தார்கள்: நழுவல், நரம்புப் பாதிப்பு, மறுபடியும் கட்டி. மற்ற காரணங்களுக்காக எடுத்தவர்களின் நிலை அவ்வளவு மோசமில்லை. தசை இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதற்கு, யாருக்கு வைத்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டன் 2010இல் உலோக மூட்டு வைத்தவர்களைக் கூப்பிட்டு ரத்தத்தில் கோபால்ட் அளவு பார்க்கச் சொன்னது. கூப்பிடுவதற்கு அவர்களிடம் பட்டியல் இருந்தது.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு ஏ.எஸ்.ஆர். வைக்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2017 பிப்ரவரியில் டாக்டர் அருண்குமார் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது; உலகம் திரும்பப் பெற்று ஆறரை ஆண்டுக்குப் பிறகு. 3,600க்கும் மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்ற தகவல் அந்தக் குழுவின் அறிக்கையில்தான் வெளியே வந்தது. அமெரிக்காவில் 2013லேயே ஏறத்தாழ 8,000 பேருக்காக 250 கோடி டாலர் அளவுக்கு இழப்பீட்டு ஒப்பந்தம் முடிந்திருந்தது. இங்கே 2018 நவம்பரில் 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை என்று அரசு ஒரு கணக்கு அறிவித்தது. 2019 மே மாதம், ரிவிஷன் செய்துகொண்டதாக உறுதியான 67 பேருக்குத் தலா 25 லட்சம் கொடுப்பதாக டெல்லி உயர் நீதிமன்றத்தில் கம்பெனி ஒப்புக்கொண்டது. 4,700 எங்கே, 67 எங்கே? எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வலியோடு வேறு ஊர், வேறு டாக்டர் என்று போய், உள்ளே இருப்பது என்ன மாடல் என்றே தெரியாமல் இருந்தவர்கள் இதற்குள் எத்தனை பேர்?

இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. விருப்பப்பட்டவர்கள் தகவல் கொடுக்கிறார்கள். விருப்பப்படாதவர்களின் நோயாளிகளுக்கு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. இந்தக் கட்டுரையில் ரிவிஷன் பலன்களுக்கு நான் எடுத்துக்காட்டிய எண் ஒவ்வொன்றும் வெளிநாட்டுடையது. சம்மணமிட்டு உட்கார்ந்து, இந்தியன் கழிப்பறையில் குந்தி, நாற்பது வயதில் மூட்டு மாற்றிய நம் ஆட்களின் ரிவிஷன் எத்தனை நாள் வருகிறது என்பதை மான்செஸ்டர் முதியவரின் கணக்கிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்தது, முழங்கால் மூட்டுக்கும் 2017இல் வைத்தது. விலையில் காட்டிய வேகத்தைக் கணக்கெடுப்பில் காட்டவில்லை.

ஸ்டிக்கர்

மூட்டு வைக்கும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிறு ஸ்டிக்கர்கள் இருக்கும். கப், லைனர், பந்து, தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று: கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் எண். தியேட்டர் நர்ஸ் அவற்றைப் பிரித்து கேஸ் ஷீட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் 'மொத்த இடுப்பு மூட்டு மாற்று' என்று ஒரே வரிதான் இருக்கும். ஸ்டிக்கர் பக்கம் மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில் தங்கிவிடும். பதினைந்து வருஷம் கழித்து அந்த மருத்துவமனை பெயர் மாறியிருக்கலாம், கட்டடமே இல்லாமலும் போயிருக்கலாம்.

அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ரிவிஷன் டாக்டர் எக்ஸ்-ரே நிழலைப் பார்த்து மாடலை யூகிக்க வேண்டும். தண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, பந்தை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில்கூட, அந்தத் தண்டின் கழுத்துக்குப் பொருந்தும் பந்து எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாவிட்டால், நல்ல தண்டையும் அறுத்து எடுக்க வேண்டி வரும். ஒரு ஸ்டிக்கர் இல்லாததால் ஒரு சாண் எலும்பு போகிறது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து, மகளுக்கும் மருமகனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எக்ஸ்-ரேயும் அப்படித்தான். எலும்பு கரைவது வலிக்காது. கிண்ணத்துக்குப் பின்னால் எலுமிச்சை அளவு பள்ளம் விழுந்திருக்கும். ஆள் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். வலி தெரியும்போது தண்டு தளர்ந்திருக்கும், அல்லது வழுக்கி விழுந்து தொடையெலும்பு அதைச் சுற்றியே முறிந்திருக்கும். எலும்பு முறிந்த பிறகு செய்யும் ரிவிஷன், வயதானவர்களுக்கு உயிருக்கே ஆபத்தானது. வலி இல்லாவிட்டாலும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு எக்ஸ்-ரே, முடிந்தால் பழைய படத்தோடு சேர்த்துப் பார்க்கும் அதே டாக்டரிடம். 'தாங்க முடியாதபோது பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது முதல் ஆபரேஷனுக்குப் பொருந்தும். தளர்ந்துவிட்ட மூட்டுக்குப் பொருந்தாது. இங்கே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் எலும்பிலிருந்துதான் கழிகிறது.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. காப்பீட்டு அட்டை இருக்கிறது என்று தைரியமாகப் போய், நீளத் தண்டும் டான்டலம் கிண்ணமும் திட்டத்தின் தொகைக்குள் அடங்காது என்று மேஜைக்குப் போகும் முதல் நாள் தெரியவந்தால், நகை அடகுக் கடைக்குப் போகும். எவ்வளவு அனுமதி, எது சேரும், எது சேராது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கட்ட ஆபரேஷன் என்றால் இரண்டாவது கட்டத்துக்கும் சேர்த்து.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலில், என் மூட்டு ஏன் பழுதானது? காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் இன்னும் பரிசோதனை பாக்கி. கிருமி இல்லை என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தீர்களா? உள்ளே திறந்த பிறகு எலும்பு நினைத்ததைவிட மோசமாக இருந்தால் மாற்றுத் திட்டம் என்ன, அதற்கான சாமான் தியேட்டரில் தயாராக இருக்குமா? எழுந்து எத்தனை வாரத்தில் முழு எடை வைக்கலாம்? கடைசியாக, கேட்கத் தயங்கும் ஒன்று: வருஷத்துக்கு எத்தனை ரிவிஷன் செய்கிறீர்கள்? முதல் ஆபரேஷனை அருமையாகச் செய்தவர் என்பதற்காகவே ரிவிஷனும் அவர் கையால்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் என்று அவர் நேர்மையாகச் சொன்னால், ''இதை அடிக்கடி செய்பவர் யார் டாக்டர், நீங்களே ஒரு லெட்டர் கொடுங்கள்'' என்று அவரிடமே கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், பேனாவை எடுப்பார்.